நிபந்தனை கரண்டி பிடிப்பவருக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், இலங்கைக்கு இந்தியா அறிவித்திருக்கும் புயல் நிவாரண உதவியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடித்து வைத்திருக்கும் நம் மீனவர்களையும் படகுகளையும் விட வேண்டும், கச்சத்தீவைப் பற்றிப் பேச ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு அப்புறம்தான் பணம் என்பது அவர் வாதம். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஓய்வூதிய விஷயமாக ஒருமுறை ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போயிருந்தேன். வாசலில் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். புருஷன் யாழ்ப்பாணம் சிறையில். விடியற்காலையில் பஸ் ஏறி வந்தவர், மத்தியானம் வரை ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த வாசகர் சொல்லும் வழி தவறு என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 69. மதுரை கூடல்நகரை அடுத்த ஆனையூரில் இருக்கிறேன். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோதே அமைப்பாளராகச் சேர்ந்து 33 வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டு விவகாரம் பேச இவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சோறு வாங்கித் தின்ற அனுபவமும் இருக்கிறது, சோறு போட்ட அனுபவமும் இருக்கிறது. அந்த இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் வாங்கித் தின்ற கதை. செக்கானூரணிப் பக்கம் ஒரு ஊரில் ஆரம்பப் பள்ளியில் படித்தேன். காமராசர் ஆரம்பித்த மதிய உணவுத் திட்டத்துக்கு 1961-லிருந்து 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் மூலமாக அமெரிக்கப் பொருள்கள் வந்தன. கோதுமை ரவை, பால் பவுடர், தகர டின்னில் எண்ணெய். டின்னின் மேலே இரண்டு கைகள் ஒன்றை ஒன்று பிடித்துக் குலுக்குவது போலப் படம் இருக்கும். காலி டின்னை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று ஆயாக்களுக்குள் போட்டியே நடக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு டின்னில்தான் அம்மா கேழ்வரகு போட்டு வைத்திருந்தார். அந்த இரண்டு கைகளை நான் தினமும் பார்த்து வளர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மழை இல்லை. கம்மாய் வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்து உப்புமா இல்லை என்றால் அன்றைக்கு எனக்கும் என் தம்பிக்கும் மதியச் சாப்பாடு இல்லை. அந்தக் கோதுமையை அனுப்பியவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

வேலையில் சேர்ந்த பிறகு அஞ்சல் வழியில் வரலாறு படித்தேன். அந்த டின் எப்படி வந்தது என்ற மறுபக்கம் அப்போதுதான் தெரிந்தது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து இறக்கினோம். பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதுவரை பல வருடத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவந்ததை மாற்றி, அதிபர் லிண்டன் ஜான்சன் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட ஆரம்பித்தார். அடுத்த கப்பல் கிளம்புமா கிளம்பாதா என்பதை வாஷிங்டனில் அவரே முடிவு செய்தார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசியது அவருக்குப் பிடிக்காமல் போனது இன்னொரு காரணம். உலக வங்கியும் மற்றவர்களும் கொடுத்த நெருக்கடியில் 1966 ஜூன் 6-ம் தேதி இந்திரா காந்தி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் ஏழரை ரூபாய் ஆனது.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விவசாயத்தை மாற்று என்ற நிபந்தனை நமக்குக் கெடுதல் செய்யவில்லை. காரணம், உணவு அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியமே அதைத்தான் செய்ய நினைத்துக்கொண்டிருந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்கியதும் அதன் தொடர்ச்சி. அந்தப் பயிர் நம் மண்ணில் வேரூன்றியது. ஆனால் கப்பலை நிறுத்தி நிறுத்தி விட்டதை இந்த நாடு மறக்கவே இல்லை. 2004 சுனாமியில் நம் நாகப்பட்டினம் கரை பிணமாகக் கிடந்தபோதும் வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் எங்களுக்கு வேண்டாம் என்று டெல்லி சொன்னது. அதே நாட்களில் இலங்கைக்கு நம் கடற்படைக் கப்பல்கள் போயின. யாரிடமும் இனிக் கை நீட்ட மாட்டோம் என்ற அந்த வைராக்கியத்துக்கு அடியில் 1966 இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கே அறுபது வருடம் ஆறாத வடுவை நாம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போடலாமா?

அடுத்தது, சோறு போட்ட கதை. சத்துணவு மையத்தில் எனக்கு நிபந்தனைகள் ஏராளம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி. காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எத்தனை பிள்ளை சாப்பிடும் என்று எழுதி, அந்தக் கணக்குக்கு அளந்து போட வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஒரு கிலோ குறைந்தாலும் அதிகாரி கேட்பார். ஒரு நாள் திடீரென்று வந்து மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நான் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டுப்பாடம் எழுதினாயா, உன் அப்பா என்ன சாதி, நேற்று ஏன் சண்டை போட்டாய் என்று எதையும் கேட்காமல் சோறு போட வேண்டும். நிபந்தனை எல்லாம் கரண்டி பிடித்த எனக்கு. தட்டு பிடித்த பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது.

ஒருமுறை நானே இதில் தவறினேன். எங்கள் பள்ளியில் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமின் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள். ஊரில் வசதியான ஒருவர் முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகப் பை தருவதாகச் சொன்னார். வந்த அன்று அவர் படம் போட்ட பெரிய பிளெக்ஸ் பேனரைப் பிள்ளைகளே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பை வாங்குகிற பிள்ளை மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். பை கிடைக்கிறதே என்று நானே நின்று வரிசை போட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முறை வந்ததும் பையை வாங்கினாள், நன்றியும் சொன்னாள். சாயந்தரம் பார்த்தால் பை வராந்தாத் திண்ணையில் இருக்கிறது, பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். அவளுடைய அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பையை மட்டும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்கு வேண்டாமாம், குறை நினைக்காதீங்கோ" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்து வந்த அந்த ஒரு கிலோமீட்டரை இன்று வரை நடந்துகொண்டிருக்கிறேன்.

நாடுகளுக்கும் இது பொருந்தும். நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்து ஒன்பதாயிரம் பேர் வரை இறந்தார்கள். நம் ராணுவமும் மருத்துவர்களும் ஓடிப்போய் உதவினார்கள். ஜூனில் 100 கோடி டாலர் தருவதாகச் சொன்னோம். செப்டம்பரில் அவர்கள் அரசியல் சட்டம் எழுதினார்கள், அது டெல்லிக்குத் திருப்தி இல்லை. அப்புறம் எல்லையில் லாரிகள் நின்றன. பீகார் எல்லையிலுள்ள ரக்சௌல் வழியாகப் போக வேண்டிய பெட்ரோல், கேஸ், மருந்து எல்லாம் மாதக்கணக்கில் தட்டுப்பாடு. நாங்கள் நிறுத்தவில்லை, நேபாளத்தின் தெற்கே இருக்கும் மாதேசி மக்களின் போராட்டத்தால் நின்றது என்றது இந்தியா. குளிரில் விறகு பொறுக்கிச் சமைத்த நேபாளப் பெண்கள் அதை நம்பவில்லை. ஏப்ரலில் சம்பாதித்த நல்ல பெயர் அந்த வருடக் கடைசிக்குள் போய்விட்டது. அடுத்த மார்ச்சில் நேபாளப் பிரதமர் சீனாவுக்குப் போய்ச் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டு வந்தார். பூட்டானிலும் 2013 ஜூலையில், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தினோம். பிற்பாடு திரும்பக் கொடுத்தோம். ஆனாலும் இடையில் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு டெல்லியின் கணக்கு என்ன புரிந்திருக்கும்?

இனி இலங்கை. என் வீட்டுக்கு எதிர் சந்தில் ஒரு அம்மா வாடகைக்கு இருக்கிறார். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர், முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வெளியே பதிவு மாற்றிக்கொண்டு வந்தார். நான் அவரை மன்னார் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னை அவர் தங்கச்சி என்பார். 2022-ல் அவருடைய சொந்தத் தங்கை வவுனியாவிலிருந்து போன் பேசும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவு கண்ணிலேயே படவில்லை. ஏப்ரல் 12-ம் தேதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதற்கு முந்தைய மாதத்திலேயே தனுஷ்கோடி மணல்திட்டில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது நம் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசிடம் முதலில் கேட்டது, வடக்கிலும் கிழக்கிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலும் இருக்கும் தமிழர்களுக்கு உதவி அனுப்ப அனுமதி. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நம் ஆட்களுக்கு நாம் அனுப்புகிறோம், இதில் என்ன தப்பு? மன்னார் அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. "தமிழாக்களுக்கு மட்டும் எண்டு அனுப்பினா, வரிசையில பக்கத்தில நிக்கிற சிங்களப் பொம்பிளையின்ர முகத்தை என்ர தங்கச்சி எப்படியம்மா பாக்கிறது? அவளின்ர பிள்ளையும்தானே பாலுக்கு அழுகுது" என்றார். இரண்டு அண்ணன்மாரைப் போரில் பறிகொடுத்தவர் சொன்ன சொல் இது. இதையேதான் அங்குள்ள தமிழ்த் தலைவர்களும் சொன்னார்கள். பிரித்துக் கொடுக்காதீர்கள், இலங்கை மக்கள் எல்லோருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்றார்கள். சட்டமன்றத்தில் ஏப்ரல் 29-ம் தேதி நிறைவேறிய தீர்மானம் அப்படித்தான் வந்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 28 கோடி ரூபாய்க்கு மருந்து. மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. தமிழ்நாட்டு மக்கள் அன்போடு அனுப்பியது என்று பையில் அச்சடித்திருந்தார்கள், நிபந்தனை எதுவும் அச்சடிக்கவில்லை. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு நானும் 500 ரூபாய் கொடுத்தேன். அப்போது என் ஓய்வூதியம் 2,000 ரூபாய். ஆகவே வரிப்பணம், சொந்தப் பணம் என்று பேசினால் எனக்கும் இதில் உரிமை இருக்கிறது.

இப்போது அந்த வாசகர் கேட்பதற்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கமெல்லாம் மலை சரிந்தது. நம் ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தேயிலை பறிக்கப் போனவர்களின் பேரன் பேத்திகள் இருக்கும் மலை அது. இந்தியா டிசம்பரில் 45 கோடி டாலர் உதவி அறிவித்தது. 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி கொடை. இதை நிறுத்தி வைத்தால் படகு வந்துவிடுமா?

வராது என்பதற்குக் காரணம் கடலிலேயே இருக்கிறது. நம் விசைப்படகுகள் இழுவை மடி போட்டுக் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, வலை அறுபட்டு நிற்பவன் கொழும்பு அமைச்சர் இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சின்னப் படகு வைத்திருக்கும் தமிழ் மீனவன். இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதை வேண்டும் என்று கேட்டவர்களில் அந்தத் தமிழ் மீனவர்கள் முன்னால் நின்றார்கள். நம் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்ற அதே 2017-ல் இங்கேயும் ஒரு திட்டம் வந்தது, 2,000 படகுகள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வேலை ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் வேகமாக நடந்திருந்தால் ஒத்தக்கடையில் நான் பார்த்த பெண் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். நாம் செய்ய வேண்டியது பாதியில் நிற்கும்போது, பதுளையில் மண்ணுக்குள் வீட்டைத் தொலைத்தவரிடம் போய் படகைக் கொடு என்று கேட்பது என்ன நியாயம்? கச்சத்தீவும் அப்படியே. 1974-ல் இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தம். பேச வேண்டும் என்றால் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து அதற்கென்று பேசட்டும்.

அப்படியானால் எந்த நிபந்தனையும் இல்லாமல் அள்ளிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டால், இல்லை. நான் முன்னே சொன்ன கரண்டிக் கணக்கு இங்கேதான் வர வேண்டும்.

நல்ல உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. போருக்குப் பிறகு இந்தியா 50,000 வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. 46,000 வடக்கிலும் கிழக்கிலும், 4,000 மலையகத்தில். வடக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். அந்தப் பணம் வீட்டுக்காரர் பெயரில் பேங்குக் கணக்குக்கே போனது. மொத்தமாகப் போகவில்லை. அஸ்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை என்று கட்டக் கட்ட வந்தது. மன்னார் அக்காவின் தம்பி மகனுக்கு அதில் ஒரு வீடு. இதுவும் நிபந்தனைதான். ஆனால் அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்றோ, யாரைப் புகழ வேண்டும் என்றோ கேட்காத நிபந்தனை. செங்கல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தது. அதே போல 1990 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் ஆம்புலன்ஸ். நம் 108 மாதிரி, 2016-ல் இந்தியக் கொடையில் மேற்கிலும் தெற்கிலும் ஆரம்பித்து இன்று நாடு முழுக்க ஓடுகிறது. காலியில் சிங்களக் கிழவருக்கும் வரும், வவுனியாவில் மன்னார் அக்காவின் தங்கைக்கும் வரும். ஒருநாள் அக்கா சொன்னார்: "எனக்கு 1990 எண்டா அந்தப் படகுதான் நினைவுக்கு வரும். அங்க இருக்கிற பிள்ளைகளுக்கு 1990 எண்டா வாகனம் வருமாம்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கெட்ட உதாரணமும் இருக்கிறது. 2022 ஜனவரி 6-ம் தேதி திருகோணமலை எண்ணெய்க் கிடங்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய தொட்டிகள் அவை. அதற்கு அடுத்த வாரமே 40 கோடி டாலர் ரிசர்வ் வங்கி மூலம் கொடுத்தோம். இரண்டுக்கும் முடிச்சு இருக்கிறது என்று அங்கே பலர் பேசினார்கள். அரசு என்ன காரணத்துக்காகச் செய்திருந்தாலும், பசியில் இருப்பவன் வீட்டில் ஒரு கையால் அரிசி கொடுத்து மறு கையால் பத்திரம் நீட்டினால் ஊர் அப்படித்தான் பேசும். தொழில் ஒப்பந்தம் போடுவது தப்பில்லை. அதைத் தனியாக, வேறு நாளில், வெளிப்படையாகப் போடட்டும்.

கடன் என்றால் கடனுக்குரிய விதி வேண்டும், அதையும் மறுக்கவில்லை. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நிதியம் 290 கோடி டாலர் ஒப்புக்கொண்டபோது வரியைக் கூட்டு, மின்கட்டணத்தைக் கூட்டு என்றெல்லாம் விதி வந்தது. 2024 ஜனவரியில் அங்கே வாட் வரி 18 சதவீதம் ஆனது. வவுனியாத் தங்கை கரண்ட் பில்லைப் பற்றிப் பேசாத போன் கிடையாது. அந்த விதிகள் நல்லவையா என்று பொருளாதாரம் படித்தவர்கள் பேசட்டும். ஆனால் அவை எழுத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துத் திட்டலாம், ஒத்துக்கொள்ளலாம். பக்கத்து நாட்டுக்காரர்கள் நமக்குள் போட்டுக்கொள்ளும் நிபந்தனைதான் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியர் ஐயா, அந்த 45 கோடி டாலருக்கு நான் கேட்கும் நிபந்தனைகள் இவை. கொடையான 10 கோடிக்கு எந்த அரசியல் கோரிக்கையும் ஒட்ட வேண்டாம். எந்த மாவட்டத்தில் எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம், எந்தப் பாலம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அந்தந்த ஊர்ப் பிரதேசச் செயலகத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். மலையகத்தில் தோட்டக் கம்பெனி நிலத்தில் இருப்பவருக்குப் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் வீடு இல்லாமல் போகக் கூடாது என்பதை இப்போதே எழுதி வாங்க வேண்டும். கடனான 35 கோடிக்கு வட்டி எவ்வளவு, எத்தனை வருடம், வேலை எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்பதை நம் நாடாளுமன்றத்திலும் அவர்கள் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். மீனவர் பிரச்சினைக்கு இரண்டு கரை மீனவர்களும் உட்காரும் பேச்சுவார்த்தையைத் தனியாகத் திரும்பத் தொடங்க வேண்டும். தங்கச்சிமடத்துப் பெண்ணின் புருஷனுக்காக நான் எந்த மேடையிலும் வந்து பேசத் தயார். பதுளைப் பிள்ளையின் கூரையைப் பிடித்து வைத்துக்கொண்டு பேச மட்டும் என்னால் முடியாது.

உங்கள் செய்தியாளர் யாரையாவது மலையகத்துக்கு அனுப்பினால், அந்த வீடுகள் எந்த அளவில் நிற்கின்றன என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ஆனையூர், மதுரை.